கேள்வி-பதில்: சயாமுக்குப் போன சனம்

அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ நாவல் படித்தேன். சயாம் மரண ரயில் கதை தூக்கத்தையே கெடுத்துவிட்டது. அடுத்து, சிரிக்க வைக்கிற நாவலாக ஒன்று சொல்லுங்களேன்?
— வாசகி, கிள்ளான்

முதலில் ஒரு படம் சொல்கிறேன், வாசகியே. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட அந்த ரயில்பாதையை வைத்து 1957இல் ஹாலிவுட் எடுத்தது, ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. அதில் விசிலடித்து நடப்பவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் பாதை போட ஆயிரக்கணக்கில் ஏற்றிச் செல்லப்பட்ட நம் தமிழ்ச் சனம் எங்கே? 415 கிலோமீட்டர் பாதையில் நம்மவர் மண் சுமக்காத இடம் உண்டா? ரெங்கசாமி எழுதியிருக்காவிட்டால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்!

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், “நம்ம குடும்பத்துல யாரு சயாமுக்குப் போனாங்க?” என்று இன்றே கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். சிரிப்பு நாவலை அப்புறம் சொல்கிறேன்.