வறண்ட காலத்தில் வழவழப்பாக இருப்பது எப்படி?

வறண்ட காலம் வந்துவிட்டதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இது சுலபம். உதடு வெடிக்கும், கன்னம் இழுக்கும், கம்பளிச் சட்டையைக் கழற்றினால் முடி சிலிர்த்து நிற்கும். கோல சிலாங்கூரில் அப்படியெல்லாம் நடக்காது. மழை பெய்து மாதக்கணக்கானாலும் விடிகாலையில் செம்பனை மட்டையில் பனி சொட்டும். எட்டு மணிக்கெல்லாம் முதுகுச் சட்டை நனைந்துவிடும். தோலைத் தொட்டுப் பார்த்து இங்கே பருவம் சொல்ல முடியாது. வேறு அடையாளங்கள் இருக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் மிச்சம் மீதி இருக்கும் ரப்பர் மரங்கள் இலையை உதிர்க்கும். ராஜா மூசா காட்டுப் பக்கமிருந்து, யாரோ ஈரக் குப்பையைக் கொளுத்திவிட்டுப் போன மாதிரி ஒரு வாடை வரும். கைப்பேசியில் தண்ணீர் நிறுத்தம் பற்றிய அறிவிப்பு வரும். மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம், அழகு பராமரிப்பைத் தொடங்கலாம்.

தண்ணீர்

எல்லா அழகுக் குறிப்புகளும் ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீரில்தான் தொடங்கும். இந்த விஷயத்தில் நம் வட்டாரத்தை யாரும் குறைசொல்ல முடியாது. கோலாலம்பூரும் கிள்ளான் பள்ளத்தாக்கும் குடிக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் சிலாங்கூர் ஆறு கொடுப்பது. கோல குபு பாரு பக்கம் அணை கட்டி, பெஸ்தாரி ஜெயாவில் சுத்திகரித்து, பெரிய பெரிய குழாய்களில் தெற்கே அனுப்புகிறார்கள். (பெஸ்தாரி ஜெயா என்றால் முழிக்கும் பெரியவர்களிடம் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லுங்கள்.) பங்சாரில் ஓர் அம்மையார் காலையில் முகத்தில் தெளித்துக்கொள்ளும் நீர் நம் வாசலைத் தாண்டிப் போனதாகவே இருக்கும். அவர் முகம் பளபளத்தால் நமக்கும் அதில் பங்கு உண்டு என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மனம் குளிர்ந்தால் முகம் மலரும். செலவில்லாத குறிப்பு இது.

2014இல் மழை பொய்த்து அணை இறங்கியபோது, பிப்ரவரிக் கடைசியில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு ஏப்ரல்வரை இழுத்தது. இரண்டு நாள் வரும், இரண்டு நாள் வராது. அந்த ஆண்டு பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயக் குட்டைகளிலிருந்துகூடத் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்தார்கள். அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறதோ என்று ஒரு பக்கம் சண்டை நடந்தது. அதே நீரைக் கனிமச்சத்து நிறைந்தது என்று சின்னப் போத்தலில் அடைத்திருந்தால் அழகுநிலையத்தில் நல்ல விலைக்குப் போயிருக்கும். வறட்சி இல்லையென்றாலும் அசந்துவிடாதீர்கள். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து சுங்கை கோங்கில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளில் குழாய் காய்ந்தது. ஆறு நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எனவே ஆளுக்கு ஒரு வாளி. தலையில் ஊற்றுவது தோளுக்கு இறங்கும், தோளிலிருந்து இறங்குவதை அகன்ற பேசினில் நின்று பிடியுங்கள், அது கழிவறைக்கு. நுரை வர இருமுறை அலசவும் என்று ஷாம்புப் போத்தலில் எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள், எழுதியவர் பங்கீட்டில் சிக்கியவர் அல்ல. வறண்ட தோலுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஆகாது, வெதுவெதுப்பு போதும், குளியல் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று தோல் மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். மதிய வெயிலில் கிடந்த தொட்டி நீர் தானாகவே வெதுவெதுக்கும். ஒரு வாளியில் பத்து நிமிடம் குளிக்க யாராலும் முடியாது. அறிவியல் நம் பக்கம் இருக்கிறது. ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், கிரீம் பூச வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கு. தலை நிறைய நுரையோடு நிற்கும்போது குழாய் நின்றுபோனால் அந்த மூன்று நிமிடம் எப்போது தொடங்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிரீம்

பூசுவதற்குமுன் டப்பாவைத் திருப்பிப் பொடியெழுத்தைப் படியுங்கள். கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், பால்மிட்டிக் அமிலம் என்று வரிசையாக இருக்கும். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், மற்றவை தோலின் மேல் படிந்து அந்த ஈரம் பறந்துவிடாமல் காக்கும். இவற்றில் பெரும்பங்கு செம்பனை எண்ணெயிலிருந்தும் அதன் விதையெண்ணெயிலிருந்தும் எடுப்பது. உங்கள் கையில் இருப்பது பிரெஞ்சுப் பெயர் போட்ட டப்பாவாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். இந்தத் தொழிலையே இங்கே தொடங்கிவைத்தது ஒரு பிரெஞ்சுக்காரர்தான். ஆன்றி ஃபோக்கோனியே என்ற துரை, 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டார். பின்னாளில் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். காட்டை அழித்து மண்ணைக் கொத்தியவர்களுக்கு நாள்கூலி. அதை வைத்து அவர்கள் வாங்கியது தேங்காய் எண்ணெய்.

தோலுக்கு உகந்த எண்ணெய் தோட்டத்து ஆலையிலேயே கிடைக்கிறதே என்று யாரும் கச்சா எண்ணெயை அள்ளிப் பூசிக்கொள்ளாதீர்கள். செக்கச்செவேலென்று இருக்கும், தலையணை உறை முதல் வேட்டிவரை கறையாகும். ஒழுங்கான வழி இதுதான்: குலையைத் தலைக்கு மேல் நீட்டிய கழியில் அறுத்து இறக்க வேண்டும் (இப்போது அதைச் செய்பவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்திருப்பார்), உதிரிப்பழத்தைப் பொறுக்க வேண்டும், ஆலையில் பிழிந்து கப்பலேற்ற வேண்டும், வெளிநாட்டில் வாசனை சேர்த்து ஐம்பது கிராம் டப்பாவில் அடைத்துத் திருப்பி அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பேரங்காடியில் விலையைப் பார்த்துவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்து வரிசையில் இருக்கும் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்தை அடைத்துவைப்பதில் அதற்கு மிஞ்சியது குறைவு. எந்த மரத்திலும் காய்க்காதது என்பது மட்டும்தான் அதன் குறை.

குதிகால்

வெடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த களிம்பு நல்லது. பத்து விழுக்காடுவரை இருந்தால் ஈரம் காக்கும். இருபது, நாற்பது என்று ஏறினால் தடித்த தோலை இளக்கும். யூரியாவா என்று உங்கள் அம்மா காதைத் தீட்டிக்கொள்வார். மூட்டை மூட்டையாக அதை வாளியில் கொட்டி, இடுப்பில் இடுக்கி, நிரை நிரையாக மரத்தடியில் வீசியவர் அவர். உறை இல்லாத கையால்தான். அப்படியானால் தோட்டத்துப் பெண்களின் கை மல்லிகைப் பூவாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அளவு கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். உர மூட்டையிலிருந்து எடுத்துக் காலில் தேய்க்காதீர்கள்.

முகத்தில் மென்தூறலாகத் தெளித்துக்கொள்ளும் போத்தல்கள் இப்போது புதிதாக வந்திருக்கின்றன என்று கடைப்பெண் சொல்வாள். புதிது ஒன்றுமில்லை. மருந்தடிக்கப் போன அக்காமார்களுக்கு அது நாள் தவறாமல் கிடைத்தது. முதுகில் நிரம்பிய பம்பு, கையில் குழல், எதிர்க்காற்று. பாராகுவாட் என்ற களைக்கொல்லி முகத்திலும் கையிலும் படியப் படிய, ஆற்றில் அலசினாலும் போகாத எரிச்சல், மூக்கில் ரத்தம், நிறம் மாறிக் கழன்றுவிழும் நகம். தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களைப் பற்றி 2002இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. அந்த ஆண்டு அரசாங்கம் தடை என்றது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1இல். அந்தப் பதினெட்டு ஆண்டில் ஒரு பெண் மருந்தடிக்கச் சேர்ந்து, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, ஓய்வும் பெற்றிருக்கலாம். அழகுக் குறிப்புப் பகுதியில் இதற்கு இடமில்லை என்று ஆசிரியர் சொன்னால், நகப் பராமரிப்பு என்ற தலைப்பில் போடச் சொல்லுங்கள்.

நிறம்

வறட்சியில் தோல் கறுத்துவிட்டதென்று பாசார் மாலாமில் பெயர் தெரியாத வெள்ளை கிரீமை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கிண்டலை நிறுத்திவைக்கிறேன். அந்த வகை டப்பாக்களில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்து சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் தடைசெய்து வருகிறது. பாதரசம் முகத்தை வெளுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். முறையாக விற்கும் பொருளென்றால் என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கும். இல்லையென்றால், விற்கிற அண்ணன் உறவுக்காரராகவே இருந்தாலும், வாங்காதீர்கள்.

வெயில் படாமல் இருப்பதுதான் மலிவான வழி. முடியவில்லையென்றால், ஒரே நாளில் இரண்டு வெயிலையும் அனுபவித்துத் தீர்க்க சாசாரான் கடலில் வானக் கண்ணாடி பார்க்கப் படகேறுங்கள். மேலேயிருந்து ஒன்று, காலடி நீரில் பட்டு எதிரொளித்து இன்னொன்று. சுற்றுலாக்காரர்கள் அதற்குக் காசு கொடுத்து வருகிறார்கள்.

தலைமுடி

முடியைப் பற்றிக் கற்றுக்கொள்ள நகரத்துக்குப் போகவேண்டாம், புக்கிட் மலாவாத்தி ஏறினால் போதும். அங்கே இருக்கும் லோத்தோங் குரங்குகளைப் பாருங்கள். குட்டி பிறக்கும்போது முடி ஆரஞ்சுப் பழ நிறம், சில மாதத்தில் வெள்ளிநரை. எந்தப் பருவத்திலும் உதிர்வு, பிளவு, பொடுகு என்று யாரிடமும் முறையிட்டதாகத் தெரியவில்லை. இலை தழை சாப்பாடு, ஒருவர் தலையை ஒருவர் பார்த்துவிடும் பழக்கம், குளிரூட்டி இல்லாத வாழ்க்கை. தோட்டத்தை விட்டு புக்கிட் பெருந்தோங் அடுக்குமாடிக்குப் போய், ரவாங் தொழிற்சாலையில் இரவு முழுக்கக் குளிரூட்டிக்கு அடியில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. உண்மையான வறண்ட காற்றை அவர்கள் சந்திப்பதே அந்தக் கூரைக்குக் கீழேதான்.

அவர்களுக்குப் பாட்டி சொல்வது: தேங்காய் எண்ணெய். பாட்டி சொன்னால் நம்பாதவர்களுக்கு, 2003இல் மும்பையில் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியின் உள்ளே இறங்கிப் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிக்கு அப்படி எந்த வியாபாரமும் இல்லை, அவரும் அதையேதான் சொன்னார். கழுவுவதற்கு முந்தைய இரவு தேய்ப்பது உத்தமம். அலசுவதற்குச் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த கொழகொழப்பு. 1960 முதல் அது நாட்டின் தேசிய மலர். பூவை விட்டுவிட்டு இலையை மட்டும் பறித்தால் தேசப்பற்றுக்கும் பங்கமில்லை.

புகைமூட்டம் வந்தால் இந்தப் பாடெல்லாம் வீண். 2005 ஆகஸ்ட் 11இல் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. அரசாங்கம் நெருக்கடிநிலையை அறிவித்தது, இரண்டு நாள் கழித்து விலக்கியது. வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஓய்வெடுங்கள், வெளிக்காற்று படவேண்டாம் என்று அழகுக் குறிப்புகள் காலங்காலமாகச் சொல்லிவந்ததை அரசாங்கமே கட்டளையாகப் போட்ட நாள் அது. பலகை வீட்டின் இடுக்குகள் வழியாகப் புகை உள்ளே வந்ததையும், தலைப்பின்னலில் அந்த நாற்றம் நாள்கணக்கில் தங்கியதையும் கட்டளையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இத்தனையும் பார்த்துவிட்டுத் தலைமுடியே தொல்லை என்று தோன்றினால் அதற்கும் வழி உண்டு. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும், வறட்சி தலைகாட்டும் நேரம். பத்துமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஷாம்பு இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு குவளைத் தண்ணீரில் தலைக்குளியல் முடிந்தது. சந்தனம் குளுமைதான், ஆனால் வெயிலைத் தடுக்காது. முப்பது எண்ணுக்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காதுமடல்வரை பூசுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். சித்திரைக்குள் சீப்பு பிடிக்கும், மழையும் வந்திருக்கும். மழை வராவிட்டால், குலதெய்வத்துக்கு ஏதாவது மொட்டை பாக்கி இருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். எப்படியும் ஒன்று இருக்கும்.