‘எங்க வீட்டுல கொசுவே இல்லை’ என்னும் கூற்று: ஒரு தடிப்பியல் ஆய்வு

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பேரக்குழந்தையின் கை கால்களில் மறுநாள் காலை ஒரு ரூபாய்க் காசளவில் சிவந்த தடிப்புகள் தோன்றுவதும், அவற்றைக் கண்ட தாத்தா ‘எங்க வீட்டுல கொசுவே இல்லையே’ என்று வியப்பதும் தமிழ்நாட்டு இல்லங்களில் ஆண்டுதோறும் நடப்பவையே ஆயினும், அக்கூற்று மெய்யா, பொய்யா, அன்றி விருந்தோம்பலின் ஓர் அங்கமா என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. சொல்லும் தாத்தாவின் தோலளவில் அது முழு மெய்யே என்று நிறுவுவதும், கேட்கும் குழந்தையின் தோலுக்கு உரிய பரிகாரங்களைத் தொகுத்துரைப்பதும் இவ்வாய்வின் நோக்கங்களாகும்.

தடிப்பு என்பது யாதோ எனின், கொசுவின் உமிழ்நீருக்கு உடல் எழுதும் மறுப்புரை என்க. முட்டைக்கு வேண்டிய புரதத்தின் பொருட்டுக் குருதி நாடும் பெண் கொசு, உறைக்குள் ஒடுங்கிய ஆறு நுண்ணூசிகளைத் தோலுள் செலுத்தி, ஒன்றின் வழியே உமிழ்நீரை விட்டு, மற்றொன்றின் வழியே குருதியை உறிஞ்சும். குருதி உறையாமலிருக்க விடப்படும் அவ்வுமிழ்நீரின் புரதங்களை அயற்பொருளெனக் கண்டுகொண்ட உடலின் ‘மாஸ்ட்’ செல்கள், அதாவது தோலடியில் காவலிருக்கும் ஒவ்வாமை அணுக்கள், ஹிஸ்டமினைச் சிந்த, அதனால் நுண்குழாய்கள் விரிந்து நீர் கசிந்து தோல் தடிக்கிறது; நரம்பு முனைகள் தூண்டப்பட்டு அரிக்கிறது. ஆகவே அரிப்பைக் கொசு கொண்டுவருவதில்லை. கடிபட்டவரே சொந்தச் செலவில் தயாரித்துக்கொள்கிறார்.

இத்தயாரிப்பு எல்லாருக்கும் ஒரே அளவினதன்று. பிரித்தானியப் பூச்சியியலாளர் கென்னத் மெலன்பி 1946இல் இதனை ஐந்து நிலைகளாக வகுத்துக் காட்டினார். முதன்முதற் கடிபடுவோர்க்கு ஒன்றும் தோன்றாது. இரண்டாம் நிலையில் ஒரு நாள் கழித்துத் தடிக்கும். மூன்றாம் நிலையில் உடனேயும் தடிக்கும், மறுநாளும் தடிக்கும். நான்காம் நிலையில் உடனே தடித்து அத்தோடு அடங்கும். நெடுங்காலம் கடிபட்டோர் சிலர் எய்தும் ஐந்தாம் நிலையில் மீண்டும் ஒன்றும் தோன்றாது. ஞானிக்கும் பச்சிளங் குழந்தைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லை என்பார் கருத்து இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

இனி இவ்வகுப்பை வீட்டிற்குப் பொருத்திக் காண்போம். எழுபது ஆண்டு மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து கடி வாங்கிய தாத்தா ஐந்தாம் நிலையர். ஆதலின் தடிப்பில்லை, தடிப்பில்லாமையால் கடியில்லை, கடியில்லாமையால் கொசுவில்லை என்று அவர் முடிவது அளவை நூல் வழுவாத முடிபே. பேரக்குழந்தை ஆண்டுக்கொருமுறை சில வாரம் மட்டுமே கடிபடுதலின் இரண்டாம், மூன்றாம் நிலைகளைத் தாண்ட வழியில்லை. இவ்விருவர்க்கும் இடையே மிகவும் இரங்கத்தக்கவன், அக்குழந்தையின் தந்தை. அவ்வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவனாயினும், பல ஆண்டு கடிபடாதொழியின் பழைய தாங்குதிறன் குறைந்துபோவதும் உண்டாதலால், அவன் கணுக்காலைச் சொறிந்தவாறே ‘நானும் இங்கதானே வளர்ந்தேன்’ என்பான். அதற்கு ‘ஏசி பழகிப்போச்சு’ என்பதே மரபான விடை. ‘புது ரத்தம், இனிக்குது போல’ என்னும் பாட்டியின் கொள்கையோ ஏற்கத்தக்கதன்று. கொசு நாடி வருவது மூச்சின் கரியமில வாயுவையும், உடல் வெப்பத்தையும், தோலின் வாடையையுமேயன்றிச் சுவையை அன்று. தடிப்பின்மை நோயின்மையாகாது என்பதையும் இங்கே கூறிவைத்தல் கடன். டெங்குக் கிருமி ஐந்தாம் நிலையர்க்கு விலக்களிப்பதில்லை.

பரிகாரம் கூறுவோர் பல திறத்தர். தடிப்பின் மேல் நகத்தால் பெருக்கல் குறி இடுவோர் ஒரு சாரார். எச்சில் தொட்டு வைப்போர் ஒரு சாரார். வெற்றிலைப் பெட்டி உள்ள வீடுகளில் சுண்ணாம்பு தடவுவோர் ஒரு சாரார். நகக்குறியால் அரிப்பு சிறிது மறப்பது உண்மை. வலி அரிப்பைச் சற்றே அமுக்கும். ஆயின் நகம் தோலைக் கீறியவிடத்துக் கிருமி புகுந்து சீழ்கொள்ளுமாதலால், கொசு செய்யாத தீங்கை நகம் செய்கிறது. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைச் சில நிமிடம் ஒற்றி, கலமைன் லோஷன் தடவி, குழந்தையின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுதல் சாலச் சிறந்தது. அரிப்பு உறக்கத்தைக் கெடுக்குமாயின் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் தரலாம்.

சிலர்க்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, ஒரே கடியில் சில மணி நேரத்துள் கண்ணிமையோ முழங்கையோ முழுதும் வீங்கிக் காய்ச்சலும் காண்பதுண்டு. கனடா ஆய்வாளர் 1999இல் இதனை ‘ஸ்கீட்டர் சிண்ட்ரோம்’ எனப் பெயரிட்டு விவரித்தனர். கிருமித் தொற்றென்று இது தவறாகக் கருதப்படுவதுண்டு. கடித்த சில மணிக்குள் எழுவது பெரும்பாலும் ஒவ்வாமை எனவும், சில நாள் கழித்துச் சூடும் வலியும் சீழுமாய்ப் பரவுவது தொற்று எனவும் வேறுபாடறிக. மூச்சுத்திணறலோ உதடு, நாக்கு வீக்கமோ காணின் ஆய்வை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு விரைக.

வருமுன் காத்தலில் முதலிடம் மின்விசிறிக்கே உரியது. கொசு வலிவின்றிப் பறக்கும் பூச்சியினமாதலின் காற்றை எதிர்க்க மாட்டாது, மூச்சின் வாடையும் கலைந்துபோகும். அடுத்தது மெத்தைக்கடியில் செருகப்பட்ட கொசுவலை. டீட் கலந்த களிம்பு இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஆகாது. பெரிய குழந்தைக்கும் உள்ளங்கையில் தடவலாகாது, அது வாய்க்குள் போகும். கொசுவர்த்திச் சுருள் ஜப்பானியர் கண்டது. குச்சியாக இருந்தபோது ஏறத்தாழ 40 நிமிடமே எரிந்ததைச் சுருட்டிவைத்தால் இரவெல்லாம் எரியும் என்று 1895இல் சொன்னவர் வத்தி செய்தவரின் மனைவி யூகி உஎயாமா. பயன் உண்டெனினும், சாத்திய அறையில் அதன் புகையைச் சுவாசிப்பது மற்றொரு கட்டுரைக்குரிய பொருளாம். மட்டை வீசிப் பொறி பறக்கவிடுதல் வீரவிளையாட்டின்பாற் படும்.

‘ஆறு மணிக்குக் கதவைச் சாத்து’ என்னும் குடும்ப விதி இரவில் கடிக்கும் கியூலெக்சுக்கே பொருந்தும். பகலில் கடிக்கும் ஏடிசு வெளியிலிருந்து வருவதற்குக் கதவை எதிர்பார்ப்பதில்லை. அது பெரும்பாலும் வீட்டிலேயே பிறந்தது. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும், மூடாத தண்ணீர்ப் பீப்பாயிலும், சன்னலோரத்து மணிபிளாண்ட் பாட்டிலிலும் தேங்கிய நீரே அதற்குப் பிறந்தகம். வாரத்துக்கொருமுறை அவற்றைக் கொட்டித் தேய்த்துக் கழுவினாலன்றிப் பிற பரிகாரங்கள் பாதிப் பயனே தரும். இதனை மெய்ப்பிக்க விரும்பும் விருந்தினர், அம்மணிபிளாண்ட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே வளைந்து நெளிவனவற்றைத் தாத்தாவுக்குக் காட்டலாம். ‘அது புழு, கொசு இல்லை’ என்று அவர் விடையிறுப்பர். அக்கூற்றும் உயிரியல் நோக்கில் அடுத்த சில நாள்களுக்குப் பிழையற்றதே.