கல்லுக்குள் கடல்

கேள்வி: அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாமே? காதில் பூச்சுற்ற ஒரு அளவில்லையா?
– ஜெயங்கொண்டம் வாசகர்

பதில்: பூ என் கையில் இல்லை, சாட்சி உங்கள் ஊர்க் கல்லில் இருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரிட்டேசியஸ் காலத்தில், அங்கே அலையடித்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு பாளத்தைப் பெயர்த்தால் சிப்பி மேல் சிப்பியாக அப்பிக் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஆட்டுக்கடா கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டும் கிடைக்கும். கணவாய்க்குத் தூரத்து உறவு. டைனோசர்கள் அழிந்த காலத்தோடு அதன் வம்சமும் முடிந்தது. அந்தக் கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் சுண்ணாம்புக்கல். அதைக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டு அரைத்தால் சிமெண்ட். உங்கள் வீட்டு மாடி அந்த ஊர் சிமெண்டில் எழும்பியதென்றால், ‘கடல் பார்த்த வீடு’ என்று தாராளமாக வாடகையை ஏற்றலாம்!

2020-இல் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, வாட்ஸ்அப்பில் அவை டைனோசர் முட்டைகள் ஆகிவிட்டன. புவியியல் அறிஞர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகிய உருண்டைகள் என்றார்கள். ஆம்லெட்டுக்கு வெங்காயம் நறுக்கியவர்கள் பாவம்.