கௌதாரி முட்டை: வாய்வழி மரபும் வாய்க்கு எட்டாத மரபும்

கௌதாரிக் கறியைப் பற்றிப் பேசச் சொன்னால் ஊரே பேசும். அதன் முட்டையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்தப் பெருங்குறையைத் தீர்க்க இவ்வாய்வாளர் முன்வந்தது அறிவுத்தாகத்தால் அன்று. ஒரு காதுகுத்து விருந்தில் காடை முட்டை மசாலா பரிமாறியபோது, பக்கத்து இலைக்காரர், "கவுதாரி முட்டைக்கு முன்னாடி இதெல்லாம் தூசி" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்குள் ரசம் வந்துவிட்டது. அவர் ரசத்துக்குப் போய்விட்டார். இவ்வாய்வாளர் ஆய்வுக்கு வந்துவிட்டார்.

முதலில் பெயர். கௌதாரியா, கவுதாரியா என்ற சர்ச்சையில் இக்கட்டுரை தலையிடாது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடும். பழைய பெயர் சிவல். பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்துபோன பிரெஞ்சுக்காரர் சொனெரா இதைப் புதுச்சேரிப் பறவையாகவே எழுதிவைத்தார். அதை நம்பி ஜெர்மானிய அறிஞர் கிமெலின் 1789-இல் 'பாண்டிசெரியானஸ்' என்று இலத்தீனில் முத்திரை குத்தினார். ஈரானின் தென்பகுதியிலிருந்து இலங்கையின் வடபகுதி வரை வாழும் பறவை அன்று முதல் புதுச்சேரி முகவரியோடு திரிகிறது. குடும்ப அட்டை கிடைத்ததாகத் தகவல் இல்லை.

இலக்கியச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பட்டினப்பாலையில் ஆட்டுக்கிடாயோடு சிவல் விளையாடுகிறது. கலித்தொகையில் ஒரு தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்வந்துவிட்டு, குறும்பூழ்ச் சண்டை பார்க்கப் போனேன் என்கிறான். குறும்பூழ் என்பது காடை, கௌதாரி அன்று; பொய் சொல்லும் கணவனுக்கு இந்த வேறுபாடு முக்கியமில்லை. சண்டையில் பேடைக்கு வேலையில்லை. பேடைக்கு வேலையில்லாத இடத்தில் முட்டைக்கும் இல்லை. வடமொழிப் பக்கம் போனாலும் இதே ஏமாற்றம்தான். குருவோடு பிணங்கிய யாக்ஞவல்கியர் கற்ற யஜுர் வேதத்தைக் கக்கிவிட, மற்றச் சீடர்கள் கௌதாரிகளாக மாறி அதைக் கொத்தித் தின்றார்களாம். வடமொழியில் கௌதாரிக்குத் தித்திரி என்று பெயராதலால் அது தைத்திரீயம் ஆயிற்று. இங்கே கௌதாரி உண்ணுகிறது, உண்ணப்படவில்லை. நம் கேள்வி அப்படியே நிற்கிறது.

இனி முட்டை. முள்ளுப்புதர் அடியில் தரையைக் கொஞ்சம் பறித்து, நாலு சருகு போட்டால் அதுதான் கூடு. அதில் ஆறேழு முட்டை, பாலேட்டின் நிறத்தில், ஒவ்வொன்றும் காடை முட்டையைவிடச் சற்றே பெரிது. காடை முட்டை பத்துக் கிராம். ஐந்து சேர்த்தால்தான் ஒரு பண்ணைக்கோழி முட்டைக்கு ஈடு. ஆக, ஒரு கௌதாரிக் குடும்பத்தையே வாணலியில் உடைத்து ஊற்றினாலும் இரண்டு தோசைக்கல் ஆம்லெட்டைத் தாண்டாது. பொருளாதார நோக்கில் இது நட்டம். ருசி நோக்கில்?

இந்த இடத்தில் இவ்வாய்வாளர் தன் போலித்தனத்துக்காக வெட்கப்பட நேர்ந்தது, ஏனெனில் உண்மையான ஆய்வு முந்திக்கொண்டுவிட்டது. கேம்பிரிட்ஜில் ஹியூ காட் என்றொரு விலங்கியலாளர். பிராணிகளின் மறைவு நிறங்களைப் பற்றி 1940-இல் தடித்த நூல் எழுதியவர். உலகப்போரில் பிரிட்டிஷ் படைக்கு ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தவர். போர் முடிந்தபின் அவர் செய்த வேலை முட்டை தின்பது. 200-க்கும் மேற்பட்ட பறவையினங்களின் முட்டைகளைச் சேகரித்து, பொடிமாஸ் பதத்தில் கிளறி, நடுவர் குழுவின் முன் வைத்து மதிப்பெண் வாங்கினார். மனிதர்களின் நாக்கு போதாதென்று முள்ளெலி, எலி, கீரியைப் போன்ற ஃபெரெட் ஆகியவற்றையும் நடுவர்களாக அமர்த்தினார். முதலிடம் கோழி முட்டைக்கு. இதைச் சொல்ல முள்ளெலி தேவையா என்று கேட்பவர்களுக்கு ஆராய்ச்சியின் அருமை தெரியாது.

ஆனால் காட் கண்ட இன்னொரு போக்குதான் நமக்கு வேண்டியது. பளிச்சென்று கண்ணில் படும் முட்டைகள் பொதுவாக ருசி குறைவு. எளிதில் பறிபோகக்கூடிய, ஒளித்துவைக்கப்பட்ட முட்டைகள் ருசி கூடுதல். தமிழ் வீடுகளில் இது ஹியூ காட்டுக்கு முன்பே நிறுவப்பட்ட விதி. கூடத்து மேசைமேல் திறந்து கிடக்கும் டப்பாவில் பொட்டுக்கடலைதான் இருக்கும். அதிரசம் பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால், பழைய தலையணை உறைக்குள் இருக்கும். புதருக்கடியில் முட்டையிட்டு, அதன்மேல் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும் கௌதாரி, பரண் விதிப்படி அதிரச வகுப்பைச் சேர்ந்தது.

இங்கிலாந்துப் பிரபுக்கள் இதைத் தின்னாமலே புரிந்துகொண்டவர்கள். அங்கே இருப்பது வேறு வகைக் கௌதாரி. கூட்டுக்குப் பதினைந்து முட்டைகூட இடும். 1831-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டப்படி உரிமையில்லாதவன் அதை எடுத்தால் முட்டைக்கு ஐந்து ஷில்லிங் வரை அபராதம். சஃபோக் பகுதியின் யூஸ்டன் பண்ணையில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். காவலாள் கௌதாரியின் நிஜ முட்டைகளை எடுத்துக்கொண்டு மர முட்டைகளை வைத்துவிடுவான். நிஜ முட்டை ஒரு கோழியின் அடியில் பத்திரமாக அடைபடும். ஓடு விரியும் நேரத்தில் திரும்பத் தாயிடம் வந்துசேரும். தாய்க்கு எதுவும் தெரியாது. இத்தனை பாசமும், செப்டம்பர் முதல் தேதி வேட்டை தொடங்கியதும் அந்தக் குஞ்சுகளைச் சுடுவதற்கு.

செய்முறைச் சோதனை ஏன் இல்லை என்று தேர்வாளர்கள் கேட்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் காட்டுப்பறவையின் முட்டையைச் சிதைப்பதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். கரண்டியை எடுத்தாலே இவ்வாய்வாளர் வேட்டைக்காரர். எனவே பண்ணைக் காடை முட்டை ஒரு டஜன் வாங்கி, வேகவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கௌதாரி என்று நினைத்துச் சாப்பிட்டதில் காடை முட்டை ருசிதான் வந்தது. உரிப்பதற்குள் மனைவி பாதியை முடித்துவிட்டதால் மாதிரியின் அளவும் சுருங்கியது.

எஞ்சியது வாய்வழிச் சான்று. பக்கத்து இலைக்காரரின் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்துக் கேட்டதில், "நான் தின்னதில்ல தம்பி, எங்க மாமா சொல்லுவாரு" என்றார். மாமா கரிசல்காட்டு ஊரொன்றில் திண்ணையில் இருந்தார். எண்பது வயது.

"தின்னதா? எங்கய்யா எடுத்தாருவாரு. தொட விடமாட்டாரு. அடைக்கோழிக்கு அடியில வச்சிருவாரு. பொரிச்சா வளத்து, பார்வைக்குக் கொண்டுபோவாரு. அது கத்துனா காட்டுல இருக்கறது சண்டைக்கு வரும், கண்ணியில மாட்டும். முட்டையத் தின்னா ஒரு வாய்தானப்பா."

யூஸ்டன் முறை. மர முட்டை மட்டும்தான் இல்லை.

"ஒண்ணுகூட யாரும் ருசி பாத்ததில்லையா?"

"ஒரு தடவ கை தவறி ஒண்ணு உடைஞ்சிருச்சு. நாய் நக்கிச்சு."

ஹியூ காட்டின் நடுவர் குழுவில் நாய் இல்லை என்பது நினைவுக்கு வர, இவ்வாய்வாளர் குறிப்பேட்டைத் திறந்தார். "நாய்க்குப் பிடிச்சிருந்ததா?"

பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"அது சாணியவும் அப்படித்தானப்பா நக்கும்."