ஒரகடத்தில் ஒரு மாட்சா திராமிசு

கேள்வி: கணவருடைய ஆலையின் ஜப்பானிய மேலாளர் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார். வீட்டில் ஓவன் கிடையாது. கிரீன் டீ பையை வைத்தே திராமிசு செய்துவிடலாமா?
— வாசகி, படப்பை

பதில்: ஓவன் வேண்டாம், ஃபிரிட்ஜ் போதும். ஆனால் டீ பை உதவாது. அது வடிநீர் மட்டும்தான் தரும். மாட்சா, அறுவடைக்கு முந்தைய சில வாரங்கள் நிழலில் வளர்த்த இலையை ஆவியில் வாட்டி, உலர்த்தி, அரைத்த பொடி, இலையையே சாப்பிடுகிறோம். 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்த ஊரில் பச்சைப் பொடியைச் சொன்னதும் மருதாணியா என்று கேட்பவர் இன்னும் உண்டு. டப்பாவின் பெயரைப் பார்த்தே வாங்குங்கள்!

பொடியைச் சலித்த பிறகே கரையுங்கள், இல்லையென்றால் கட்டி தட்டும். கொதிநீர் ஊற்றினால் கசக்கும். கொதித்து இறக்கி, சற்று ஆறவிட்ட நீர் சரி. இத்தாலிய பிஸ்கட் கிடைக்காவிட்டால் பேக்கரி ரஸ்க் போதும். ஏலக்காய் போட்ட ரஸ்க் மட்டும் வேண்டாம், மாட்சாவின் மணத்தை அமுக்கிவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் நனைத்த ரஸ்க் ஒரு அடுக்கு, சர்க்கரை சேர்த்து நுரைக்க அடித்த கிரீமும் மஸ்கார்போனே சீஸும் கலந்து ஒரு அடுக்கு, மறுபடி அப்படியே. இரவு முழுக்கக் குளிரட்டும். மேலே தூவும் பொடியை முதல் நாளே தூவாதீர்கள்; ஈரம் பட்டால் கறுத்துவிடும். விருந்தினர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் சல்லடையை எடுங்கள்.

முந்தின நாள் மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.