பதினெட்டு அடிப் புகைபோக்கி

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய செயின்ட் லாரன்ஸ் மாவட்டத்தில் எங்கள் வீடு. வருஷத்தில் பாதி வீட்டைச் சூடாக்கியாக வேண்டும்; ஜனவரியில் சில இரவுகள் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். சூட்டுக்கு ஊற்றும் எண்ணெய் காலன் நாலு டாலரைத் தாண்டியதும், சாலையில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: வீட்டுக்கு வெளியே வைக்கும் விறகு உலை. உன் மரம், உன் கோடாலி, உன் சூடு. எண்ணெய் லாரிக்காரனுக்கு இனிமேல் சலாம் போட வேண்டாம். பள்ளிக்கூடத்து ஆகஸ்ட் 15 கொடியேற்றங்களுக்கு அப்புறம் விடுதலை என்ற பேச்சை நான் அவ்வளவு கேட்டது அந்தக் கோடையில்தான்.

அதே சமயம் தமிழ்நாட்டில், 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. மாயவரத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கும் வந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். நானும் அடுப்பு வாங்கப் போகிறேன் என்றேன்.

"என்ன அடுப்பு?"

"விறகு அடுப்பும்மா. பெரிசு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கேஸுக்குப் பதிஞ்சு வெச்சிருக்கியா? அங்கேயும் லேட்டாகுமா?" என்று விசாரித்தாள். அவள் காலத்தில் சிலிண்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள்தான் விறகு வாங்குவார்கள்.

உலை என்பது ஆளுயரத் தகரக் கொட்டகை, தலையில் ஒரு புகைபோக்கி. உள்ளே இரும்பு நெருப்பறை. அதைச் சுற்றிலும் ஏறக்குறைய 200 காலன் தண்ணீர். அந்தத் தண்ணீர் 180 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் மண்ணுக்கடிக் குழாய் வழியே வீட்டுக்குள் வந்து, காற்றுக் குழாயில் பொருத்திய ரேடியேட்டரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகும். சாம்பலும் பொறியும் வீட்டு வாசற்படி ஏறாது. மினசோட்டாவில் கிரீன்புஷ் என்ற சிற்றூரில் 1984-இல் தொடங்கிய சென்ட்ரல் பாய்லர் போன்ற கம்பெனிகள் இதைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்திருந்தன. கான்கிரீட் தளம், பள்ளம், குழாய், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் டாலருக்குக் குறையாது. விடுதலைக்கு வங்கி கடன் கொடுத்தது.

குழாய் போட வந்தவர், உறை சுற்றிய குழாய்களிலேயே விலை குறைந்ததைப் போட்டுவிட்டு, பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது என்று சத்தியமும் செய்துவிட்டுப் போனார். பனி விழுந்த காலையில் பார்த்தால், உலையிலிருந்து வீடு வரைக்கும் வெண்பனியில் வகிடு எடுத்தாற்போல ஒரு கோடு. கோட்டில் பச்சைப் புல். நான் அறுத்துப் பிளந்து எரித்த மரத்தில் ஒரு பங்கு, மண்ணுக்கடியில் புல் வளர்த்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் பச்சைப் புல் கிடைக்கிறது என்ற சேதி மான்களுக்கு எப்படியோ எட்டிவிட்டது. விடியற்காலையில் வரிசை பிசகாமல் நின்று மேயும். அந்த டிசம்பரிலேயே கச்சா எண்ணெய் 40 டாலருக்குக் கீழே இறங்கியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியாகச் சொல்ல மனசு வரவில்லை.

விறகு வாங்குவது ஒரு வித்தை. இங்கே கணக்கு எடையில் இல்லை, அடுக்கின் அளவில். 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், ஆக 128 கன அடி அடுக்கினால் ஒரு கார்டு. எங்கள் பக்கத்துக் குளிருக்கு, இந்த மாதிரி உலை ஒரு பருவத்தில் பத்துக் கார்டு தின்பது சாதாரணம். ஆனால் ஃபேஸ் கார்டு என்று ஒன்று உண்டு. முன்னால் நின்று பார்த்தால் அதே நாலுக்கு எட்டு. ஆழம் மட்டும் 16 அங்குலம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. விற்கிறவர் பேசும்போது கார்டு என்பார். இறக்கிவிட்டு வண்டி கிளம்பிய பிறகுதான் ஃபேஸ் வெளியே வரும். மாயவரம் விறகுக்கடைக்காரர் முந்தின ராத்திரியே சவுக்குக் கட்டைமேல் நாலு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் காலையில் தராசைத் தொடுவார் என்பது ஊரறிந்த ரகசியம். அங்கே தண்ணீரை விறகு விலைக்கு விற்றார்கள். இங்கே காற்றை விற்கிறார்கள். இதுவும் முன்னேற்றம்தான். காற்றைச் சுமந்தால் முதுகு வலிப்பதில்லை.

விறகை இஷ்டத்துக்கு எங்கிருந்தும் கொண்டுவரவும் முடியாது. மிச்சிகனில் 2002-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, ஆஷ் மரங்களைக் காடு காடாகக் காலி செய்துகொண்டு வருகிறது. அது விறகோடு சவாரி செய்யாமல் இருக்க, சூடேற்றிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் தடுத்திருக்கிறது. இந்த நாட்டில் என் நடமாட்டத்துக்கே ஒரு காலத்தில் இவ்வளவு கெடுபிடி இருந்ததில்லை.

பக்கத்திலேயே ஆமிஷ் குடும்பங்கள் இருக்கின்றன. குதிரை வண்டி, வீட்டுக்கு மின்கம்பி கிடையாது. அவர்களுடைய மர அறுப்பு மில்லில் பலகை எடுத்தது போக மிஞ்சும் பட்டைத் துண்டுகள் மலிவு, நானும் வாங்குவேன். 1998 ஜனவரியில் உறைமழை பெய்து, மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து, பல வீடுகள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த கதையை எங்கள் சாலையில் இன்றும் சொல்வார்கள். விறகு வைத்திருந்தவன் பிழைத்தான் என்று கதை முடியும். என் உலைக்கு அந்தக் கதை பொருந்தாது. தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்கும் கரண்ட் வேண்டும், காற்று ஊதும் விசிறிக்கும் கரண்ட் வேண்டும். ஒரு பிப்ரவரி ராத்திரி மின்சாரம் போனது. வெளியே உலைக்குள் நெருப்பு தகதகவென்று இருக்கிறது. உள்ளே நாங்கள் கோட்டும் குல்லாவுமாகச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம். மில்காரர் வீட்டு இரும்படுப்புக்குக் கரண்ட் போன சங்கதியே தெரியாது, அது பாட்டுக்கு எரிந்தது. மறுவாரமே ஜெனரேட்டர் வாங்கினேன். அதற்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

காலையும் மாலையும் தீனி போட வேண்டும். முதலில் புகை வழியைத் திறந்துவிட்டு, கதவை ஒரு விரற்கடை மட்டும் விலக்கி, கொஞ்சம் பொறுத்துத்தான் முழுசாகத் திறக்கலாம். அவசரப்பட்டால், காற்றில்லாமல் உள்ளே தேங்கிக் கிடக்கும் வாயு குப்பென்று பற்றி முகத்துக்கு வரும். எங்கள் பக்கத்தில் புருவமில்லாத ஆளைப் பார்த்தால் உலை எந்த மாடல் என்று தாராளமாக விசாரிக்கலாம்.

ஆனால் ஒன்று, இந்த வேலைக்குக் கிடைக்கிற மரியாதை வேறெதற்கும் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் டிரக்கை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, அடுக்கு அருமை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அலுவலகத்தில் என் கோட்டை முகர்ந்துவிட்டு, என்ன ஒரு வாசனை, காட்டு வாழ்க்கை கொடுத்துவைத்தவர் நீங்கள் என்பார்கள். மாயவரத்தில் அம்மா விடியற்காலையில் கொல்லை அடுப்பில் வெந்நீர் அண்டாவை ஏற்றி, தென்னை மட்டையும் பாளையும் செருகி, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றபோது தெருவில் ஒரு சைக்கிள்கூட நின்றதில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, "வெந்நீர் ஆச்சா?" புடவையில் ஏறிய அந்தப் புகை நாற்றத்தை வாசனை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா ஒரு செப்டம்பரில் இங்கே வந்தாள். வந்த மறுநாளே விறகு அடுக்கைச் சுற்றி வந்தாள். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள்.

"இது டங்குங்குது, போடலாம். அந்தப் பக்கத்து அடுக்கு மொத்துங்குதுடா. இன்னும் ஒரு வெயில் காணணும்."

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று ஊசி வைத்த ஈரமானி வைத்திருந்தேன். பிளந்த முகத்தில் செருகிப் பார்த்தேன்: ஒன்று 19, மற்றது 31. அதற்குப் பிறகு அந்தக் கருவிக்கு இருந்த ஒரே உபயோகம், அம்மா சொல்வது சரி என்று ஒப்புக்கொள்வதுதான்.

உலையிலிருந்து கனத்த புகை தரையோடு தவழ்ந்து போவதைப் பார்த்து, "ஏன்டா இது மூச்சைப் பிடிச்சுண்டு நிக்கிறது?" என்றாள். அவள் கேட்டதுதான் விஷயத்தின் முடிச்சு. எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும் என்பது நம்மூர்ச் சொல். அரிசி கொதித்ததும் அவள் கொள்ளியை வெளியே இழுப்பாள், அடுப்பு அடங்கும். இந்த உலையால் கட்டையை வெளியே இழுக்க முடியாது. தண்ணீர் 180-ஐத் தொட்டதும் காற்று வரும் வழியை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைய விறகு, மூச்சு விடக் காற்றில்லை. சுற்றிலும் தண்ணீர் நின்று இரும்புச் சுவரையும் சூடேறாமல் வைத்திருக்கிறது. புகை முழுசாக எரியாமல் பாதி தாராகச் சுவரில் படிகிறது, பாதி ஊருக்குப் போகிறது.

ஊர் சும்மா இருக்கவில்லை. 2005-லேயே நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இந்தப் புகையைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருந்தது. 2011 ஏப்ரலிலிருந்து புதிதாக உலை வைக்கிறவர் மனை எல்லையிலிருந்து 100 அடி தள்ளி வைக்க வேண்டும், புகைபோக்கி தரையிலிருந்து 18 அடி உயரம் இருக்க வேண்டும் என்று மாநிலம் விதி போட்டது. 2015-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் புகையின் அளவுக்கே வரம்பு கட்டி, 2020-இல் அதை இன்னும் இறுக்கியது. எல்லாம் நியாயமான விதிகள்தான். என் புகையால் இரண்டு வயல் தாண்டி யாரோ இருமினால் கேட்க ஆள் வேண்டும். இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடுப்பு மூட்டறவா எத்தனை அடி தள்ளி நிக்கணுமாம்?" என்றாள். அதற்கு விதியில் இடமில்லை. அவளுடைய அடுப்புக்கும் முகத்துக்கும் நடுவில் இருந்தது ஊதுகுழலின் நீளம். அதை எந்த அரசாங்கமும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பழைய உலையின் நெருப்பறை துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்ததும், வரம்புக்கு உட்பட்ட புது உலை வாங்கினேன். இது புகையைக் கீழ் அறைக்கு இழுத்து அங்கே மறுபடி எரிக்கிறது. புகைபோக்கியைப் பார்த்தால் எரிகிறதா என்றே தெரியாது. கூடவே நல்ல உறை போட்ட புதுக் குழாயும் புதைத்தாகிவிட்டது. பனியில் கோடு மறைந்துவிட்டது, மான்கள் ஒரு பருவம் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போயின. பழையது எதைப் போட்டாலும் தின்றது. புதியது ஆசாரம் பார்க்கிறது: ஈரம் 25-ஐத் தாண்டினால் அணைந்து, தப்பு என் பேரில் என்று திரையில் எழுத்துப் போடுகிறது.

போன தடவை ஊருக்குப் போனபோது தம்பி எங்களைக் காரில் ஏற்றி நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப்போனான். 'விறகு அடுப்பு சமையல்' என்று வாசலில் ஆளுயரப் பலகை. ஏ.சி. ஹால், வாழையிலை, சாப்பாட்டுக்கு மற்ற இடத்தைவிட முப்பது ரூபாய் கூடுதல். கேஸ் சமையலில் இந்த ருசி வராது என்று தம்பி சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான். அம்மா ஒன்றும் பேசவில்லை. கை கழுவப் போனவளை வெகுநேரமாகக் காணோம்.

போய்ப் பார்த்தால், பின்கட்டில் சமையலறை வாசற்படியில் நிற்கிறாள். உள்ளே இரண்டு பெண்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருத்தி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். புகை அவர்கள் தலைக்கு மேலே சுழன்று, ஹால் பக்கம் திறந்திருந்த ஜன்னல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பெரிய கட்டையை வெளியில இழும்மா. ஈரக் கட்டை. அதான் இப்படிப் புகையறது."

"தெரியும் பாட்டி. இழுத்தா முதலாளி திட்டுவாரு. சாப்பிட வர்றவங்களுக்குப் புகை தெரியணுமாம்."