ஏணிக்குப் பட்டா

1969 அக்டோபர் 28-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் ராபர்ட் மோக் என்ற இன்ஜினீயருக்கு ஓர் ஏணியைப் பட்டா போட்டுக் கொடுத்தது. பேட்டன்ட் எண் 3475623. பட்டா கைக்கு வந்த பிறகும் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஏணியை விட்டுவைக்கவில்லை. அனலாக் சிந்தசைசரின் வரலாறு என்று தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் ‘தாக்கம்’, ‘உந்துதல்’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘காப்பி’ என்று போட்டுப் படித்தால் கதை சட்டென்று விளங்கிவிடும்.

ஏணி என்றது லேடர் ஃபில்டரை. மாட்யுலர் சிந்தசைசரில் ஆசிலேட்டர் என்று ஒரு மாட்யூல் உண்டு. சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை கத்திக்கொண்டே இருப்பது அதன் உத்தியோகம். அந்தக் கத்தலில் எதை வெளியே விடுவது, எதை அமுக்குவது என்று முடிவு செய்வது ஃபில்டர். மோக் செய்தது இவ்வளவுதான்: இரண்டு டிரான்சிஸ்டர், நடுவில் ஒரு கெப்பாசிட்டர். இது ஒரு படி. ஒன்றன்மேல் ஒன்றாக இப்படி நான்கு படி. சத்தம் கீழே நுழைந்து உச்சிப்படியில் வெளியே வரும். படிக்கு 6 டெசிபல் வீதம், நான்கு படிக்கு ஆக்டேவுக்கு 24 டெசிபல் கழிவு. ஏணிக்குள் ஓடும் கரன்ட்டைக் கூட்டினால் சத்தம் பளிச்சென்று வரும். குறைத்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். மேலே வந்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கீழே அனுப்பினால் ஃபில்டர் தானே விசிலடிக்கும். கெப்பாசிட்டர் உட்படச் சில பத்து உதிரிபாகங்கள், அவ்வளவே. அழகான வேலை. அதனால்தான் எல்லோருக்கும் கை அரித்தது.

பட்டாதாரரின் பூர்வாசிரமமும் காப்பியில்தான் தொடங்குகிறது. கையை ஆட்டினால் அழும் தெரமின் என்ற கருவிக்கு, அதைக் கண்டுபிடித்த ரஷ்யர் லெவ் தெரமின் 1928-லேயே அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கியிருந்தார். பையன் மோக், அப்பாவோடு சேர்ந்து அதைச் செய்து பழகினார். 1954-இல், பத்தொன்பது வயதில், ‘நீங்களும் செய்யலாம்’ என்று ரேடியோ பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பேட்டன்ட் அதற்குள் காலாவதியாகியிருந்ததால் இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சி என்று வைத்துக்கொள்வோம். 1961-இல் 49.95 டாலருக்கு தெரமின் கிட் போட்டு, சுமார் 1,000 விற்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடிக்க 1965 ஆனதில் ஆச்சரியமில்லை.

1964-இல் நியூயார்க்கில் ஒலிப் பொறியாளர்கள் மாநாட்டில், வோல்டேஜை வைத்து ஆசிலேட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஆட்டுவிப்பது எப்படி என்று பகிரங்கமாகக் கட்டுரையே வாசித்தார். தானதருமம் அத்தோடு சரி. ஃபில்டரை மட்டும் உஷாராகப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்.

அடுத்து மேடையேறுபவர் ஆலன் ஆர். பேர்ல்மன். நாசாவின் விண்கலங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் வடிவமைத்த பெரிய கை. தன் பெயரின் முதலெழுத்துகளை எடுத்து ஏ.ஆர்.பி. என்று கம்பெனி தொடங்கினார். 1971 வாக்கில் அவருடைய ‘2600’ சந்தைக்கு வந்தது. அதன் ஃபில்டர் மாட்யூலுக்கு 4012 என்று பெயர். உள்ளே இருந்தது? ஏணி. அதே நான்கு படி. அதோடு நின்றிருந்தால் சாதாரணத் திருட்டு. ஏ.ஆர்.பி. அந்த மாட்யூலை எபாக்ஸி பிசினில் முக்கி, கல்லாக இறுக வைத்து அனுப்பியது. எதற்கு? போட்டிக் கம்பெனிகள் சர்க்யூட்டைப் பார்த்துத் திருடிவிடக் கூடாதாம்! ஊரான் வீட்டு ஏணியைத் தூக்கி வந்து, நம் வீட்டில் திருட்டு பயம் என்று கதவுக்குக் காரை பூசுவதற்கு ஒரு மனத்துணிவு வேண்டும். நாசா அனுபவம் அதற்குக் கைகொடுத்திருக்கலாம்.

ஆனாலும் குட்டு வெளிப்பட்டது. கோர்ட் படி ஏறுவதற்குள் ஏ.ஆர்.பி. ஏணியை இறக்கிவிட்டு, 4072 என்று சொந்தமாக ஒரு ஃபில்டர் செய்து மாட்டியது. சொந்தச் சரக்கு என்றால் சொந்தத் தவறும் இருக்குமே. கணக்கில் எங்கோ சறுக்கி, ஃபில்டரை முழுக்கத் திறந்தாலும் சுமார் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் திறக்கவில்லை. பழைய ஏ.ஆர்.பி. வாங்குகிறவர்கள் முதல் வேலையாகச் சில ரெசிஸ்டர்களை மாற்றி இந்தச் சாபத்தை நீக்குகிறார்கள். சிலர் மாற்றாமல், ‘அந்த மந்தம்தான் அழகு’ என்று பிரசங்கம் செய்கிறார்கள்.

லண்டனில் பீட்டர் ஜினோவியெஃப் என்ற பிரபு மனத்துக்காரர், மனைவியின் முத்தும் டர்க்காய்ஸும் பதித்த கிரீடத்தை விற்று கம்ப்யூட்டர் வாங்கியவர். கம்ப்யூட்டரை வைத்து அவர் நடத்திய இசை ஸ்டுடியோவின் தீராப் பசிக்குப் பணம் வேண்டுமே! 1969-இல் அவருடைய கம்பெனி ‘வி.சி.எஸ்.3’ என்ற குட்டி சிந்தசைசரை விற்கத் தொடங்கியது. வடிவமைத்தவர் டேவிட் காக்கரல். அதன் ஃபில்டரும் ஏணிதான். ஆனால் டிரான்சிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் டயோடு. பட்டா டிரான்சிஸ்டர் ஏணிக்குத்தானே ஐயா?

கலிஃபோர்னியாவில் டான் பூக்லா வேறு ரகம். அவருக்கு ஏணியும் வேண்டாம், பியானோ கட்டையும் வேண்டாம், தொடுதகடுகளை வைத்தார். விலையைக் கேட்டால்தான் மூச்சு நின்றது. கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் இருந்த செர்ஜ் செரெப்னின், அந்தக் கருவியை ஏழை மாணவர்கள் தொடவே முடியவில்லையே என்று, 1970-களின் தொடக்கத்தில் பிள்ளைகளைச் சேர்த்து, பணத்தைத் திரட்டி, உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கி, வீட்டிலேயே மாட்யூல்களைச் செய்ய ஆரம்பித்தார். உலோகத்தில் எழுத்துப் பொறிக்கக் காசில்லை. பேனல் மேல் காகிதத்தை ஒட்டினார்கள். அந்தக் காகித மூஞ்சிகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் தரும் மரியாதை தெரிந்திருந்தால் அன்றைய மாணவர்கள் இன்னும் நாலு செட் ஒட்டி வைத்திருப்பார்கள்.

பூக்லாவை விட்டு நகரும் முன் ஒன்று. 2019-இல் ஒரு கல்லூரியின் 1960-களின் பூக்லாவைப் பழுதுபார்த்தவர், ஒரு மாட்யூலில் ஒட்டியிருந்த அழுக்கை விரலால் துடைத்தார். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்து, சுமார் ஒன்பது மணி நேரம் இந்த உலகில் அவர் இல்லை. சோதித்ததில் அழுக்கு எல்.எஸ்.டி. என்று தெரிந்தது. ஐம்பது வருஷம் கெடாமல் வேலை செய்த பாகம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்தக் காப்பித் தீயில் பத்திரிகைகள் எண்ணெய் ஊற்றின. 1972-இல் பெர்னி ஹட்சின்ஸ், மோக் கடை போட்டிருந்த ட்ரூமன்ஸ்பர்குக்குப் பக்கத்து ஊரான இதாகாவிலிருந்து ‘எலக்ட்ரோநோட்ஸ்’ என்று சர்க்யூட்டுகளாகவே அச்சிட்டு அனுப்பினார். ஓக்லஹோமாவின் பையா கம்பெனி கிட் விற்றது. ஐரோப்பாவில் 1977-இல் ‘எலெக்டர்’ பத்திரிகை ‘ஃபார்மன்ட்’ என்று முழு மாட்யுலரையே தொடராகப் போட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ‘இ.டி.ஐ.’ பத்திரிகையில் ‘டிரான்சென்டன்ட் 2000’ வந்தது. இதை வடிவமைத்த டிம் ஆர் முன்பு வேலை பார்த்தது ஜினோவியெஃபின் கம்பெனியில்! கிட்டை வாங்கி ஈயம் உருக்கியவர்களில் ஜாய் டிவிஷன் குழுவின் பெர்னார்ட் சம்னரும் ஒருவர். அந்த இசையின் சோகத்துக்கு மான்செஸ்டரின் வானிலையைக் காரணம் சொல்கிறார்கள். கோல்ட் சால்டரைத் தேடி ராத்திரி கண் விழித்தவர்களுக்கு வேறு காரணம் தோன்றும்.

ஏணி கட்டுவதன் கஷ்டம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எதிரெதிர் டிரான்சிஸ்டர்கள் ஒத்துப்போக வேண்டும். ஆகவே நூறு பி.சி.547 வாங்கி, ஒவ்வொன்றாக பேஸ்-எமிட்டர் வோல்டேஜை அளந்து, ஜாதகப் பொருத்தம் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். அரை மில்லிவோல்ட் வித்தியாசத்துக்கே சம்பந்தம் முறியும். வம்பு என்னவென்றால், சூடு ஒரு டிகிரி ஏறினால் அந்த வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் இறங்கிவிடும். விரல் பட்டாலே போதும். மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சையும் வேறு பக்கம் விட்டபடி, மீட்டரில் எண் அடங்கக் காத்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த ஃபில்டருக்கும், கைக்கு வந்ததைச் சொருகிய ஃபில்டருக்கும் காதில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதை இந்தத் தொழிலில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

மோகின் பட்டா 1986-இல் காலாவதியானது. ஏணி பொதுச்சொத்து! ஆனால் ஏறத்தான் ஆளில்லை. 1983-இல் யமஹாவின் டிஜிட்டல் ‘டி.எக்ஸ்.7’ வந்து அனலாக்கைப் பரணுக்கு அனுப்பியிருந்தது. ஏ.ஆர்.பி.யோ 1981-லேயே கடையைச் சாத்திவிட்டது.

1995-இல் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ‘ஏ-100’ வரிசையைக் கொண்டுவந்த பிறகுதான் கூட்டம் மறுபடி சேர்ந்தது. பேனல் உயரம் 128.5 மில்லிமீட்டர், சப்ளை பிளஸ் மைனஸ் 12 வோல்ட், பவருக்கு ஒரு ரிப்பன் கேபிள். கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு. எலக்ட்ரானிக்ஸில் சிவப்பென்றால் பிளஸ் என்று பால்குடி மறந்த நாளிலிருந்து படித்திருப்போம். இங்கே அது மைனஸ் 12. எத்தனை ஐ.சி.க்கள் புகையாகி முக்தியடைந்தன என்பதற்குக் கணக்கில்லை.

2020-இல் கோர்க் கம்பெனி ஏ.ஆர்.பி. 2600-ஐ மறுபடி தயாரித்தது. ஃபில்டர் பகுதியில் ஒரு சின்ன சுவிட்ச்; இரண்டே நிலை. ஒன்றில் 4012, இன்னொன்றில் 4072. ஒரு பக்கம் தள்ளினால் மோகிடமிருந்து தூக்கியது, மறுபக்கம் தள்ளினால் மாட்டிக்கொண்ட பிறகு செய்தது. விளம்பரத்தில் இதற்குச் ‘சிறப்பம்சம்’ என்று பெயர்.